முதலாம் இலக்கக் குழி

"பாம்பு கிடக்குதெண்டு சொன்னனான் தான். அதுக்காக மூடுங்கோ எண்டு சொல்லேல்லையே, பிள்ளை."

"பாம்பு மட்டுமே, அக்கா? குனிஞ்சு பாருங்கோ, தண்ணி நிக்குது. உள்ளுக்கை நெளியிறதெல்லாம் நுளம்புக் குடம்பி. உங்கடை தேவிக்குப் போன மாசம் மலேரியா எங்கையிருந்து வந்ததெண்டு நினைக்கிறியள்?"

"அது சரி தான்."

"அப்ப பேந்தென்ன?"

"அவர் வெட்டினது. ரண்டு கிழமை. கீழை முழுக்கக் கல்லு. அலவாங்கு பிடிச்சுப் பிடிச்சுக் கையெல்லாம் கொப்பளம். கிளிநொச்சியாலை வந்து எங்கையடி பங்கர் எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?"

"பசளை எண்டு சொல்லுங்கோ," வேலியில் சாய்ந்து நின்ற பெடியன் சொன்னான். "இனிமேல் உங்களுக்குக் குண்டு விழாது, கத்தரிக்காய் தான் விழும் எண்டு சொல்லுங்கோ."

"நீர் கொஞ்சம் சும்மா இரும், லியோன்."

வீட்டுக்காரப் பெண் சிரிக்கவில்லை. குழியின் வாயில் அடுக்கியிருந்த பனங்குற்றிகளைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"மனேச்சர் ஐயா வீட்டிலை மூடியாச்சோ?"

"ஓம், அக்கா. ஊரிலை முதல் மூடினது எங்கடை தான். முதலாம் இலக்கம்."

"மனேச்சர் ஐயாவே மூடிட்டார் எண்டால்…"

அந்த இழுவையிலேயே அவள் சம்மதித்துவிட்டாள். லியோன் வேலியை விட்டு நிமிர்ந்து, ஒழுங்கையில் நின்ற கைவண்டியை உள்ளே கொண்டுவரச் சொல்லிச் சீழ்க்கை அடித்தான்.

பொய் சொன்னவளின் பெயர் கனகாம்பிகை. எல்லோருக்கும் அம்பிகை. வயது பதினேழு. மானிப்பாய்ச் சந்தையிலிருந்து இரண்டு மைல் தள்ளியிருந்த அந்த ஊரின் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு. சுகாதாரக் கழகத்தின் செயலாளர். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தம்பிராசாவின் ஒரே மகள். பொய்யை நம்பியவள் பூரணம். மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து ஐந்து வருஷத்துக்கு முன் உடுத்த சீலையோடு இடம்பெயர்ந்து வந்து, வெளிநாடு போனவர்களின் வளவொன்றில் கொட்டில் போட்டிருந்தாள். புருஷன் சண்முகநாதனுக்கு இங்கே கடலும் இல்லை, வேலையும் இல்லை. கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வயல் வேலைக்குப் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். போவதற்கு முன் மனைவிக்கும் எட்டு வயது மகளுக்கும் அவனால் செய்து வைக்க முடிந்த ஒரே காரியம் அந்தப் பதுங்குகுழி.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம். தை பிறக்கும்போதே சண்டை நின்றுவிட்டது. பேச்சுவார்த்தைக்கு ஆட்கள் ஹெலியில் வந்து இறங்குவதைப் பார்க்கச் சனம் சைக்கிளில் அள்ளுப்பட்டுப் போனது. அதுவரை ஹெலிச் சத்தம் கேட்டால் குழிக்குள் பாய்ந்தவர்கள், இப்போது பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள். வானத்தை அண்ணாந்து பாராமல் ஒழுங்கையில் நடப்பது அம்பிகைக்குப் புதிய சுகமாக இருந்தது. வாசிகசாலையில் இரவல் எடுத்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில், எங்கோ குளிர்தேசத்தில், சண்டை முடிந்த பிறகு சனங்கள் பீரங்கிக் குழிகளுக்குள் உருளைக்கிழங்கு நடுவார்கள். அந்தப் பக்கத்தை அவள் மூன்று தரம் வாசித்திருந்தாள்.

சுகாதாரக் கழகத்தைத் தொடங்கியவர் விவசாயம் படிப்பிக்கும் கனகசபாபதி மாஸ்டர். டீசல் இல்லாமல் குப்பை அள்ளும் உழவு இயந்திரம் நின்று எத்தனையோ வருஷம். ஒழுங்கை முடக்குகளில் குப்பை மலையாகக் கிடந்தது. வளவுகளிலோ கிணற்றடியில் கிடந்தது. மாஸ்டர் பிள்ளைகளின் கையில் எந்த வீட்டுக்கு யார் பொறுப்பென்று எழுதிய தாளையும், மூன்று அடிக்கு ஒன்றாக முடிச்சுப் போட்ட கயிற்றையும் கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். கிணற்றுக்கும் குப்பைக்கும் எத்தனை முடிச்சுத் தூரமென்று அளந்து வரச் சொன்னார். "எங்கடை மண்ணுக்குக் கீழை கல்லு. கல்லிலை ஓட்டை. ஒருத்தன் கிணத்தடியிலை போடுறதை எல்லாரும் தான் குடிக்கிறம்," என்றார்.

அளந்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் குப்பை கிணற்றிலிருந்து பத்து முடிச்சுக்குள் இருந்தது. குப்பையைக் குழி வெட்டிப் புதையுங்கோ என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்: கல்லு, வெட்ட ஆளில்லை, இடமில்லை. அதைப் பற்றிக் கதைக்கக் கூடியபோது தான் அம்பிகை எழுந்தாள்.

"எல்லா வீட்டிலையும் வெட்டின குழி ஒண்டு இருக்குது தானே, சேர். மாரி மழைத் தண்ணி நிண்டு நுளம்பு பெருகுது. யூரியாவுக்குத் தடை போட்டு எத்தினை வருஷம். அந்தக் குழிகளுக்குள்ளை இலை, குழை, சாணி, குசினிக் கழிவு எல்லாத்தையும் அடுக்கடுக்காய்ப் போட்டு மண்ணாலை மூடினால், ஆடிப் பயிருக்குக் கூட்டுப்பசளை. குப்பையும் போச்சு, நுளம்பும் போச்சு."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சண்டை திரும்ப வந்தால்?"

"வராது, சேர்."

எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள் என்று பின்னாளில் அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் வகுப்பு முழுக்கக் கை தட்டியது. மாஸ்டரும் தட்டினார். அந்த மாதம் எல்லோருக்கும் கை தட்ட ஆசையாக இருந்தது.

"முதல் எங்கடை வீட்டிலை தொடங்குவம்," என்றும் அவள் சொல்லிவிட்டாள்.

தம்பிராசா மகளின் பேச்சைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பவர்களிடம் "இண்டைக்கு முடிஞ்சுது" என்று சொல்லும் அதே மெதுவான குரலில் சொன்னார்: "ஊருக்கு நல்ல காரியம் தான், பிள்ளை. செய்யுங்கோ. இதிலை மட்டும் கை வைக்காதையுங்கோ."

அவர்களுடையது சாதாரணக் குழி அல்ல. கல் கட்டி, படி வைத்து, மேலே சீமெந்துத் தட்டுப் போட்டது. ஊரிலேயே அப்படி மூன்றோ நான்கோ தான்.

"எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அப்பா. நாளைக்கு சேர் வந்து பாப்பார்." அவளுக்கு அழுகை வந்தது.

தம்பிராசா எழுந்துபோய்க் குழி வாய்க்குக் குறுக்கே நாலு பலகையைப் போட்டார். பலகைக்கு மேலே தென்னோலைக் கிடுகு. கிடுகுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு இலைகுழையும் சாணியும். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "இப்ப சரியோ? பாக்கிறவைக்குப் பசளை," என்றார்.

அந்த நேரம் அவளுக்கு வந்தது கோபமில்லை, ஆறுதல். "அப்பா எவ்வளவு கெட்டிக்காரர்" என்று கூட நினைத்தாள். பிறகு வந்த நாட்களில் எத்தனையோ விஷயங்களை நினைத்து அவள் கூனிக் குறுகினாள்; ஆனால் அந்த ஆறுதலை நினைக்கும்போது தான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் போகும்.

மாஸ்டர் வந்தார். "கூட்டுப்பசளை — இலக்கம் 1" என்று மட்டையில் எழுதித் தடியில் கட்டிய அறிவித்தலைத் தன் கையாலேயே நட்டார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். அம்பிகை பூவாளியால் தண்ணீர் தெளித்து, எந்த அடுக்குக்கு மேல் எந்த அடுக்கு வரவேண்டும், போத்தலும் தகரமும் பொலித்தீனும் ஏன் போடக்கூடாது என்று விளக்குவாள். ஒருநாள் லியோன் கையை உள்ளே விட்டுப் பார்த்து, "சூடு காணாது. மக்கத் தொடங்கினால் நல்லாச் சுடவேணும். உங்கடை வீட்டுக் குப்பையும் உம்மைப் போலை ஆறுதலாய்த் தான் வேலை செய்யுது," என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பங்குனி முடிவதற்குள் நாற்பத்தொரு குழிகள் மூடியாயிற்று. எங்கேயாவது ஒரு வீட்டுக்காரர் தயங்கினால், "எங்கடை வீட்டிலையே மூடிட்டம்" என்ற ஒரு வார்த்தை போதும். பூரணத்தின் குழிக்கு முப்பத்தாறாம் இலக்கம். அதன் மேல் கிடந்த ஒன்பது பனங்குற்றிகளைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்ப் பிளந்து, சலாகைச் சட்டங்களாக்கி அடித்து, பசளைக் கண்காட்சிக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். "திருப்பித் தருவியள் தானே?" என்று பூரணம் கேட்டதற்கு, "பசளையாத் தருவம், அக்கா," என்று சொன்னதும் அம்பிகை தான்.

சித்திரை வருஷப் பிறப்பு முடிந்து ஒரு கிழமைக்குள் பேச்சுவார்த்தை முறிந்தது.

முதல் பீரங்கிச் செல் காலையில் விழுந்தது. அவள் அப்போது தான் தலை வாரிக்கொண்டிருந்தாள். தம்பிராசா பதறவில்லை. வெளியே போய் அறிவித்தல் தடியைப் பிடுங்கி எறிந்தார், இலைகுழையைக் காலால் ஒதுக்கினார், கிடுகை இழுத்தார், பலகைகளைப் புரட்டினார். ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. தாயும் சேர மூன்று பேரும் படியிறங்கி உள்ளே போனார்கள். உள்ளே பாய் விரித்தபடியே இருந்தது. ஒரு குடம் தண்ணீர், நெருப்புப்பெட்டி, பிஸ்கட் டின். அவளுக்குத் தெரியாமல் அவர் எப்போதோ எல்லாம் வைத்திருந்தார்.

சத்தம் வரும்போதெல்லாம் தாய் தேவாரம் முணுமுணுத்தாள். அம்பிகை எண்ணினாள். இரண்டாம் இலக்கம், மூன்றாம் இலக்கம், நாலாம் இலக்கம். ஒவ்வொரு வீட்டு முற்றமும் கண்ணில் வந்தது. எந்தெந்த வீட்டில் யார் யார் தயங்கினார்கள், அவர்களுக்கு என்ன சொன்னாள் என்பது வரிசையாக வந்தது. முப்பத்தாறில் நின்றுவிட்டது. தகப்பன் "உன்ரை சமாதானம் எங்கை?" என்று கேட்டுவிட்டால் நல்லது போலிருந்தது. அவர் கேட்கவில்லை. தன் பங்குப் பாயையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, சீமெந்துச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கழகம் கூடியது. கனகசபாபதி மாஸ்டருக்குக் கையில் சீலைத் துண்டால் கட்டுப் போட்டிருந்தது. சொந்தக் குழியைத் தானே கிண்டியிருக்கிறார். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"மூடினது நாங்கள். கிண்டிக் குடுக்கவேண்டியதும் நாங்கள் தான். பிழை என்ரை. பிள்ளையள் சொன்னாலும் நான் யோசிச்சிருக்க வேணும்." தொண்டையைச் செருமினார். "இலக்க வரிசைப்படி போவம். முதலாம் இலக்கத்திலை தொடங்குவம்."

எல்லோரும் அம்பிகையைப் பார்த்தார்கள்.

"எங்கடையை அப்பா கிண்டிட்டார், சேர்."

"தனியவோ?"

"ஓம், சேர்."

"பாத்தியளோ," என்றார் மாஸ்டர் மற்றப் பிள்ளைகளிடம். "முதல் மூடினதும் அவர். ஒருதரிட்டையும் கை ஏந்தாமல் முதல் கிண்டினதும் அவர்."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இருக்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தபோது, "முப்பத்தாறிலை தொடங்குவம், சேர். அவையளிட்டை ஆம்பிளையள் இல்லை," என்று மட்டும் வந்தது. அதையும் மாஸ்டர் அவளுடைய நல்ல மனசு என்றே எடுத்துக்கொண்டார்.

லியோன், அம்பிகை, இன்னும் நாலு பேர் மண்வெட்டியும் கடகமுமாகப் பூரணத்தின் வளவுக்குப் போனார்கள். பூரணம் படலையைத் திறந்துவிட்டு, "பள்ளிக்கூடம் இல்லையோ இண்டைக்கு?" என்று தான் கேட்டாள். செல் விழுந்த நேரம் எங்கே இருந்தீர்கள் என்று லியோன் விசாரித்தான்.

"கிணத்துக் கட்டோடை படுத்தனாங்கள். இவளுக்கு மேலை நான் படுத்தன். மூச்சு முட்டுதெண்டு என்னைக் கடிச்சுப் போட்டாள்." கையைத் திருப்பிக் காட்டினாள். சின்னப் பற்களின் அடையாளம் இருந்தது. "ஆட்டுக்குட்டி மாதிரி."

தேவி தாயின் பின்னால் ஒளிந்தாள்.

மேல்மண்ணை எடுத்ததும் ஆவி கிளம்பியது. உள்ளே எல்லாம் கறுத்துக் களியாகிக் கிடந்தது. வாழைத்தண்டு நார் மண்வெட்டியில் சுற்றியது. வெட்ட வெட்டக் குழிச் சுவர் நனைந்து சரிந்தது. சண்முகநாதன் கல்லில் கொத்திய படிகள் மூன்றில் ஒன்று மட்டும் தெரிந்தது. நாற்றத்துக்கு ஒரு பிள்ளை ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தாள். பூரணம் சீலையைச் சொருகிக்கொண்டு கடகத்தைத் தலையில் தூக்கினாள். கொண்டுபோய்த் தன் கத்தரிப் பாத்தியில் கொட்டி, ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"பசளை நல்லாத் தான் வந்திருக்குது, பிள்ளை."

அதில் குத்தலே இல்லை. குத்தல் இருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அம்பிகை நினைத்தாள்.

"குற்றியள்?" என்று பூரணம் பிறகு கேட்டாள்.

லியோன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். "பிளந்து போட்டம், அக்கா. சலாகை தான் இருக்குது. அது பாரம் தாங்காது. பனை தறிக்கிற கந்தப்பு அண்ணையிட்டைக் கேட்டிருக்கிறம். இப்ப எல்லாருக்கும் பனை தேவையாம், வரிசையிலை நிக்கினம்."

"சரி, கூரை பேந்து பாப்பம். முதல் குழி இருக்கட்டும்."

மதியத்துக்குள் இடுப்பளவு ஆழம் வந்தது. லியோன் குழிக்குள் நின்றபடி அம்பிகையிடம் கடகத்தை நீட்டினான். "உங்கடையும் இப்பிடித் தான் நாறினதோ?"

"ம்."

"ரண்டு நாளிலை தனிய மனிசன் எப்பிடி முடிச்சவர்? நாங்கள் ஆறு பேர், நாக்குத் தள்ளுது. சங்கக்கடையிலை மா மூட்டை தூக்கின உடம்பு தான் என்ன."

"அவரை ஏன் பகிடி பண்ணுறியள், தம்பி," என்றாள் பூரணம். "அந்தப் பெரிய மனிசன் எங்களுக்கு வழிகாட்ட எண்டு தன்ரை பங்கரை முதல் மூடினவர். இப்ப அவரும் எங்களைப் போலை சாணியுக்கை நிண்டிருக்கிறார். எங்களுக்காவது இது பழகினது."

அம்பிகை கடகத்தை எடுத்துக்கொண்டு பாத்திப் பக்கம் போனாள். கொட்டிவிட்டு உடனே திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லவேணும், இப்போது, இந்தக் கடகம் முடிய, அடுத்த கடகம் முடிய, என்று அவளுக்குள் ஏதோ தவணை கேட்டுக்கொண்டிருந்தது.

ஹெலிச் சத்தம் முதலில் கேட்டது. அதற்குப் பின்னால், தகரத்தைக் கிழிப்பது போல, பொம்மர் விமானம்.

பிள்ளைகள் சிதறினார்கள். இரண்டு பேர் வேலியோரம் விழுந்தார்கள், மற்றவர்கள் கிணற்றடிக்கு ஓடினார்கள். லியோன் குழியிலிருந்து ஏறிப் பாய்ந்து, தேவியைத் தூக்கி உள்ளே விட்டான். கூரை இல்லாத அந்த அரைக் குழியில் இன்னும் ஒருவருக்குத் தான் இடம். அம்பிகை பாத்தியடியிலேயே விறைத்து நின்றாள். பூரணம் ஓடிவந்தாள். அவள் மகளிடம் தான் போகிறாள் என்று அம்பிகை நினைத்தாள். ஆனால் அந்தக் கை அவளுடைய பின்கழுத்தைப் பிடித்து, இழுத்து, குழிக்குள் தள்ளியது.

"குனி. குனிஞ்சு படு. மற்ற வீட்டுப் பிள்ளை."

அம்பிகை முகங்குப்புறக் களிக்குள் விழுந்தாள். அவளுக்குக் கீழே தேவி. மேலே, குழி விளிம்பில், வெறும் நிலத்தில் பூரணம் நீட்டிப் படுத்துக்கொண்டாள். ஒரு கை மட்டும் உள்ளே தொங்கி மகளின் தலைமயிரைத் தேடிப் பிடித்தது. அந்தக் கையில் பற்களின் அடையாளம்.

நிலம் இரண்டு தரம் தூக்கிப் போட்டது. சுவரிலிருந்து ஈரமண் இடிந்து அம்பிகையின் முதுகில் விழுந்தது. வாய்க்குள் போனது அவள் சொல்லிச் சொல்லிச் சேர்த்த குப்பை: சாம்பலும், சாணியும், அழுகிய பூசணித் தோலும். ஆறு வளவு தள்ளி, சீமெந்துத் தட்டுக்குக் கீழே, தாயும் தகப்பனும் பாயில் இருப்பார்கள். அங்கே ஏழெட்டுப் பேர் தாராளமாக இருக்கலாம்.

சத்தம் தெற்கே தேய்ந்து போனது. சந்தைப் பக்கம் புகை எழும்புகிறதென்று யாரோ சொன்னார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பித் தங்களைத் தாங்களே தடவிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. லியோன், "நான் உயிரோடை தான். ஆனால் ஒரு செருப்பைக் காணேல்லை," என்றான்.

பூரணம் தேவியைத் தூக்கி எடுத்தாள். பிறகு அம்பிகைக்குக் கை கொடுத்து ஏற்றினாள். சீலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்தாள், மயிரில் ஒட்டியிருந்த நாரைப் பிடுங்கினாள்.

"வீட்டை ஓடு, பிள்ளை. அம்மா அப்பா பாவம், என்ன பாடோ. கிண்டினாலும் உள்ளுக்கை ஈரமாய்த் தானே இருக்கும். எங்கை படுத்தினமோ."

"அவைக்கு ஒண்டுமில்லை," என்றாள் அம்பிகை.

"உனக்கென்னெண்டு தெரியும்?"

"எங்கடையை நாங்கள் மூடேல்லை."

பூரணத்தின் கை அவள் கன்னத்திலேயே நின்றது.

"மேலை பலகை போட்டு, ஒரு சாண் குப்பை பரப்பி வைச்சனாங்கள். உள்ளை ஒண்டும் போடேல்லை. நான் பொய் சொன்னனான். உங்களுக்கும் சொன்னனான், எல்லாருக்கும் சொன்னனான். கூட்டத்திலை சேருக்கும் சொன்னனான். அப்பா ஒண்டும் கிண்டேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்கடை பங்கர் அப்பிடியே இருக்குது. சீமெந்து."

வேலியோரம் நின்ற பிள்ளைகள் கிட்ட வந்திருந்தார்கள். லியோன் கையிலிருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே போட்டான். பூரணம் கையை எடுத்தாள். சீலைத் தலைப்பில் இருந்த களியைப் பார்த்தாள், அதை மடித்தாள், திரும்பவும் விரித்தாள். அவள் ஏசுவாள் என்று அம்பிகை காத்து நின்றாள். தேவி மட்டும் தாயின் முகத்தையும் அம்பிகையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தூரத்தில் ஹெலி இன்னும் சுற்றிக்கொண்டு தான் இருந்தது.

"அப்பாவிட்டை நான் இன்னும் கேக்கேல்லை. அவர் என்ன சொல்லுவாரோ தெரியாது. நீங்கள் என்னோடை முகம் குடுத்துக் கதைக்க வேண்டாம், அக்கா. தேவியையும் கூட்டிக்கொண்டு, இப்பவே, என்னோடை எங்கடை வீட்டை வருவியளோ?"